மூன்று நாள் லியோனில் எங்கே சாப்பிடுவது?

கேள்வி: நானும் கணவரும் அக்டோபரில் பிரான்ஸின் லியோன் நகரத்துக்குப் போகிறோம். வியாழன் இரவு போய்ச் சேர்ந்து ஞாயிறு மாலை ரயில் ஏறிவிடுவோம். போன முறை பாரிஸில் நாங்கள் உட்கார்ந்த இடமெல்லாம் எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள்தான். மைக்ரோவேவில் சூடாக்கிய வெங்காய சூப்புக்கு எக்கச்சக்கமாகக் காசு கொடுத்தோம். இந்த முறையாவது உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் சின்னக் கடைகளில் சாப்பிட ஆசை. லியோனில் ‘புஷோன்’ என்று கேள்விப்பட்டேன். ஆனால் போனில் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது, எல்லாவற்றுக்கும் நாலரை ஸ்டார். நான் கோழி, மீன் சாப்பிடுவேன். மாடு, பன்றி தொடமாட்டேன். கணவருக்கு முட்டையும் மீனும் மட்டும். பிரெஞ்சு தெரியாது. நம்பிப் போகக்கூடிய பத்துக் கடைகளின் பெயர் தருவீர்களா? (எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நெசவு. அதனால் பட்டுக்குப் பேர்போன அந்த ஊரைப் பார்க்க எனக்குத் தனி ஆர்வம்.)
— வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள ஈரோட்டு வாசகிக்கு,

உங்கள் கேள்வியைவிட, அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்த வரிதான் என்னை முதலில் பிடித்தது. லியோனின் சாப்பாடும் நெசவும் தனித்தனிக் கதைகள் அல்ல. அதைப் புரிந்துகொண்டு போனால் கடை தேடுவது பாதி சுலபமாகிவிடும். பத்துப் பெயர் கேட்டிருக்கிறீர்கள். சில பெயர்கள் தருகிறேன். ஆனால் மூன்றே நாள் பயணத்தில் எந்தக் கடை என்பதைவிட, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதே உங்கள் சாப்பாட்டைத் தீர்மானிக்கும். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

புஷோன் என்பது லியோனுக்கே உரிய சின்னச் சாப்பாட்டுக் கடை. நம் ஊர் மெஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கி நெருக்கி மேஜைகள் இருக்கும், குடும்பமே நடத்தும், இன்றைக்கு என்ன சமைத்தார்களோ அதுதான் கிடைக்கும், நேரம் முடிந்தால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் இந்தக் கடைகளின் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்கள் பட்டு நெசவாளர்கள். அவர்களை அங்கே ‘கனூ’ என்பார்கள். விடியற்காலையிலேயே தறியில் உட்கார்ந்தவர்களுக்குக் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பசி வந்துவிடும். அப்போது அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட கனமான சாப்பாட்டுக்கு ‘மாஷோன்’ என்று பெயர். பணக்கார வீடுகள் வேண்டாமென்று ஒதுக்கிய குடல், ஈரல், கால், தலைக்கறி எல்லாம் இந்த அடுப்புகளுக்கு வந்து சேர்ந்தன. குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் சாப்பிட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு இந்தச் சமையலின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், பணக்கார வீடுகளில் சமையல் செய்துகொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்து சொந்தமாகக் கடை போட்டார்கள். ஊர் அவர்களை ‘மேர்’, அதாவது அம்மா என்று கூப்பிட்டது. அவர்களில் யூஜெனி பிராசியே என்பவர் பண்ணை வேலை செய்து வளர்ந்தவர். 1921-ல் ரூ ரோயால் தெருவில் கடை திறந்தார். 1933-ல் அவர் நடத்திய இரண்டு உணவகங்களுக்கும், உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷ்லேன் வழிகாட்டி அதன் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரத்தைத் தலா கொடுத்தது. பிற்பாடு உலகப் புகழ்பெற்ற சமையல் கலைஞர் பால் பொக்கூஸ் இளம் வயதில் அவருடைய சமையலறையில் வேலை கற்றவர்தான். இன்று புஷோனில் நீங்கள் சாப்பிடப்போகும் பல பண்டங்கள் நெசவாளர்களின் பசியிலிருந்தும் இந்த அம்மாக்களின் கையிலிருந்தும் வந்தவை.

இப்போது கிழமைக்கு வருகிறேன். புஷோன் பிறந்தது வேலை செய்கிறவர்களுக்காக. இன்றும் நல்ல கடைகள் பல வேலைநாள் மதியத்தை நம்பித்தான் நடக்கின்றன. பக்கத்து அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். சமைத்தது அன்றே தீரும். விலையும் இரவைவிடக் குறைவு: மதிய மெனு பெரும்பாலும் 20 யூரோவை ஒட்டி இருக்கும், இரவில் 30-ஐத் தாண்டிவிடும். சமையல்காரர் அவரேதான், அடுப்பும் அதேதான். வார இறுதி வந்தால் உள்ளூர்க்காரர்கள் வீட்டில் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். சனி, ஞாயிறு மூடும் புஷோன்கள் உண்டு. ஞாயிறு, திங்கள் மூடுபவையும் உண்டு. ஆகவே நீங்கள் சொன்ன நாட்களில் ஒரே ஒரு பொன்னான வேளைதான் இருக்கிறது: வெள்ளிக்கிழமை மதியம். பயணத்தின் மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் மூன்று மணிக்கும் திறந்திருக்கும். சமையலறை திறந்திருக்காது. மதியம் 12-லிருந்து ஒன்றரை வரைக்கும் உள்ளே போய்விட வேண்டும். இரண்டு மணிக்குப் பெரும்பாலும் முடிந்துவிடும். இரவு ஏழரைக்கு முன்னால் கதவு திறக்காது. நாம் சுற்றிக் களைத்து மூன்றரைக்குப் பசியோடு தெருவில் நிற்போம். அந்த நேரத்தில் திறந்திருப்பது நாள் முழுக்கப் பரிமாறும் கடைகள். பாரிஸில் உங்களுக்கு அந்த சூப் கிடைத்ததும் ஒருவேளை அப்படிப்பட்ட நேரமாக இருக்கலாம்.

வெள்ளிக்கிழமையை நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி வைத்துக்கொள்வேன். காலையில் மெட்ரோ ‘சி’ தடத்தில் ஏறி குருவா ரூஸ் மேட்டுக்குப் போங்கள். பல்சக்கரத்தில் ஏறும் ரயில் அது. நெசவாளர்கள் வாழ்ந்த மேடு அதுதான். வீடுகளின் கூரை சுமார் நான்கு மீட்டர் உயரம் இருக்கும், பூவேலை நெய்யும் உயரமான ஜக்கார்டு தறி உள்ளே நிற்க வேண்டும் என்பதற்காக. உங்கள் வீட்டில் ஜக்கார்டு பெட்டி இருந்திருந்தால், அதன் பெயருக்குச் சொந்தக்காரரான ஜோசப் மரி ஜக்கார் இந்த ஊர்க்காரர்தான். 1804-ல் அந்தத் தறியை உருவாக்கினார். மேட்டில் ‘மேசோன் தே கனூ’ என்ற சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, தறியை ஓட்டியே காட்டுவார்கள். கூலிக்காக 1831-லும் 1834-லும் இந்த மேட்டு நெசவாளர்கள் எழுந்து நின்ற வரலாற்றையும் அங்கே கேளுங்கள். நெசவுக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது வெறும் சுற்றுலாவாக இருக்காது. பிறகு ‘மோந்தே த லா கிராந்த் கோத்’ என்னும் சரிவு வழியாக நடந்து இறங்கினால் இருபது நிமிடத்தில் தெரோ சதுக்கம். நகர மன்றமும் ஒப்பெரா அரங்கமும் அங்கேதான். அவற்றின் பின்னால் இருக்கும் சின்னச் சின்னத் தெருக்களில்தான் பழைய புஷோன்கள் கொஞ்சம் நெருக்கமாக இருக்கின்றன. ரூ த்யூ கரேயில் ‘லு கரே’, ரூ பிசேயில் ‘ஷே உகோன்’, ரூ மஜோர் மர்த்தேனில் ‘கஃபே தே ஃபெதெராசியோன்’, சற்றுத் தள்ளி ரூ நவில் ‘லா மூனியேர்’. பன்னிரண்டே காலுக்குள் மேஜையில் உட்கார்ந்திருங்கள்.

முன்பதிவு அவசியம். சின்னக் கடை, இருபது முப்பது பேர்தான். முடிந்தால் ஒரு வாரம், பத்து நாள் முன்பே செய்துவிடுங்கள். பல கடைகளுக்கு இணையத்திலேயே பதியலாம். போன் செய்ய வேண்டி வந்தால் தயங்காதீர்கள்: “போன்ஜூர். வாந்த்ரதி மிதி, தூ பெர்சோன்.” வெள்ளி மதியம், இரண்டு பேர் என்று அர்த்தம். மீதியை அவர்களே ஆங்கிலத்துக்கு இழுத்து வருவார்கள்.

இனி, போலியை எப்படிக் கண்டுபிடிப்பது. சிவப்புக் கட்டம் போட்ட மேஜைவிரிப்பு, சுவரில் செம்புச் சட்டி, பழைய விளம்பரத் தகடு இவற்றையெல்லாம் பார்த்து ஏமாறாதீர்கள். அத்தனையும் கடையில் வாங்கி மாட்டக்கூடியவை. வாசலில் ஆள் நின்று கூப்பிட்டால் நகர்ந்துவிடுங்கள். படம் போட்ட மெனு ஐந்து மொழியில் இருந்தாலும், புஷோன் என்று பலகை வைத்துக்கொண்டு பீட்சாவும் பர்கரும் விற்றாலும் அப்படியே. ‘செர்வீஸ் நான்-ஸ்டாப்’ என்று எழுதியிருந்தால், அங்கே பெரும்பாலும் உறைபெட்டியும் நான்-ஸ்டாப்பாக ஓடும். நல்ல கடையின் வாசலில் கரும்பலகை இருக்கும். அதில் சாக்பீஸால் எழுதிய சில பண்டங்கள் மட்டுமே இருக்கும். நேற்று எழுதியதை அழித்த தடம்கூடத் தெரியும். கண்ணாடிக் கதவில் இன்னொன்றையும் தேடுங்கள்: ‘தீத்ர் ரெஸ்தொராங்’ என்னும் உணவுச் சீட்டு ஏற்கப்படும் என்ற சின்ன ஒட்டுத்தாள். அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் சீட்டு அது. அது இருந்தால், அங்கே வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடுகிறார்கள். ஸ்டார்களைவிட இதை நான் நம்புவேன்.

ஒரு சட்டிக்கு மேல் வீட்டுக் கூரை வரைந்த சின்னம் மெனுவில் தெரியலாம். ‘ஃபே மேசோன்’, அதாவது அந்தச் சமையலறையிலேயே, பச்சையாக வந்த பொருளிலிருந்து சமைத்தது என்பதற்கு 2014-ல் அரசு கொண்டுவந்த அடையாளம். கடைக்காரரே போட்டுக்கொள்வதுதான். ஆனால் பொய்யாகப் போட்டால் தண்டனை உண்டு. புஷோன்களுக்கே தனி முத்திரையும் இருக்கிறது. 1997-ல் ஒரு சங்கம் தொடங்கி, நெசவாளர் ஊரின் பொம்மலாட்டப் பாத்திரமான நாஃப்ரோன் கையில் கோப்பையோடு நிற்கும் தகட்டைக் கொடுத்தது. 2012-ல் ‘லே புஷோன் லியோனே’ என்ற புதிய முத்திரை வந்தது. சுமார் இருபது கடைகளுக்கு இருக்கிறது. வழி தெரியாத ஊரில் இந்த முத்திரை நல்ல ஆரம்பம். முத்திரை இல்லாத நல்ல கடைகளும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

போனில் தேடும்போது ஒரு வேலை செய்யுங்கள். மதிப்புரைகளில் பிரெஞ்சில் எழுதியவற்றை மட்டும் எடுத்து, அதிலும் ஸ்டார் குறைத்துக் கொடுத்தவர்களை மொழிபெயர்த்துப் படியுங்கள். “சத்தம் அதிகம், மேஜைகள் நெருக்கம், மெனுவில் நாலே பண்டம், கனமான சாப்பாடு” என்று குறைப்பட்டிருந்தால் போங்கள். அவை ஒரு புஷோனின் இயல்புகள். “ஆறிப்போயிருந்தது, சூடாக்கிக் கொடுத்தார்கள், அவசரப்படுத்தினார்கள்” என்றால் விட்டுவிடுங்கள்.

வியூ லியோன் என்னும் பழைய ஊரில், ரூ சேன் ழான் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் புஷோன் பலகைகள்தான். சோன் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ரூ மெர்சியேர் தெருவும் அப்படியே. அழகான தெருக்கள், நிச்சயம் நடந்து பாருங்கள், ஆனால் பசியோடு நடக்காதீர்கள். அதற்காக அந்தப் பகுதியையே ஒதுக்கவும் வேண்டாம். அதே பழைய ஊரில், ரூ திராமசாக்கில் ‘டேனியல் எ டெனீஸ்’ இருக்கிறது. அதை நடத்தும் ஜோசப் வியோலா 2004-ல் பிரான்ஸின் மிக உயர்ந்த கைத்தொழில் பட்டத்தைப் பெற்றவர். சுற்றுலாத் தெருவில் இருப்பதாலேயே ஒரு கடை கெட்டதாகிவிடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த பகுதி இதுதான். புஷோன் சமையல் பன்றியும் மாடும் நிறைந்தது, நீங்கள் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை மட்டும் தவிர்த்தால் போதாது. ‘ஆந்தூயெத்’ குடலால் செய்த தொத்திறைச்சி, பெரும்பாலும் பன்றி. ‘தாப்லியே த சப்பர்’ ரொட்டித்தூள் புரட்டிப் பொரித்த மாட்டு வயிறு. லியோன் சாலட் என்றால் கீரையும் வறுத்த ரொட்டித் துண்டும் அவித்த முட்டையும் இருக்கும். கூடவே ‘லார்தோன்’ என்னும் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவியிருப்பார்கள். “சான் லார்தோன்” என்று சொன்னால் அவை இல்லாமல் தருவார்கள். உங்கள் கணவருக்கு நல்ல தொடக்கம் அது. பயறு சாலட் பார்க்க அப்பாவியாக இருக்கும். அதிலும் பன்றித் துண்டு இருக்கலாம்.

லியோனில் நீங்கள் இருவரும் சாப்பிட்டே ஆக வேண்டியது ‘கெனெல் த புரோஷே’. ஆற்று மீனை அரைத்து மாவு, முட்டை, வெண்ணெயோடு சேர்த்துப் பிடித்து வேகவைத்து, பிறகு அடுப்பில் வைத்து ஊதிப் பெருக்க விடுவார்கள். மேலே நன்னீர் இறாலில் செய்த நான்த்துவா சாறு. அடுப்பிலிருந்து வரும்போது இரட்டிப்பாக உப்பியிருக்க வேண்டும், கரண்டி பட்டால் மெத்தென்று இறங்க வேண்டும். கெட்டியாக ரப்பர் போல இருந்தால் அது தொழிற்சாலைச் சரக்கு. ஆனால் ஒன்று கேட்டுவிடுங்கள்: பழைய முறையில் இதில் மாட்டின் சிறுநீரகக் கொழுப்புச் சேர்ப்பார்கள். இன்று பெரும்பாலும் வெண்ணெய்தான். “ஓ பர்?” (வெண்ணெயிலா?) என்ற இரண்டு அசை போதும். கேட்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சமையலில் அக்கறை இருக்கிற வாடிக்கையாளர் என்று நினைப்பார்கள்.

உங்களுக்குக் கோழியும் நன்றாக வாய்க்கும். வினிகரில் வேகவைத்த கோழியின் புளிப்பு நம் நாக்குக்கு உடனே ஒத்துவரும். கிரீமும் மோரெல் காளானும் சேர்த்த கோழி கனமானது, அற்புதமானது. பக்கத்திலுள்ள பிரெஸ் பகுதிக் கோழிக்கு 1957-லிருந்தே சட்டப் பாதுகாப்பு பெற்ற பெயர் உண்டு. விலை கூடுதல், ஒருமுறை சாப்பிடலாம். ‘செர்வெல் த கனூ’ என்று பலகையில் பார்த்துவிட்டு யாராவது நெசவாளன் மூளை என்று மொழிபெயர்த்தால் பயப்படாதீர்கள். அது பாலில் திரித்த மென்மையான வெள்ளைப் பாலாடைக்கட்டி. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சிலைகள், எண்ணெய், வினிகர் சேர்த்து அடித்தது. இறைச்சி வாங்க முடியாத தறிக்காரர் வீட்டுச் சாப்பாடு அது. ஈரோட்டிலிருந்து போகிற நீங்கள் அதைச் சாப்பிடாமல் வரக்கூடாது. கணவருக்கும் பொருந்தும். கடைசியில் சேன் மார்சலான் சீஸோ, ரோஜா நிறத்தில் பளபளக்கும் பிரலீன் டார்ட்டோ கேளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் “போன்ஜூர்” சொல்லுங்கள், மற்ற எதற்கும் முன்னால். பிரான்ஸில் அது இல்லாமல் பேச்சைத் தொடங்கினால் கதவைத் தட்டாமல் நுழைந்தது போல எடுத்துக்கொள்வார்கள். பிறகு சொல்ல வேண்டியது “சான் போர், சான் பஃப்”, பன்றி வேண்டாம், மாடு வேண்டாம். மேஜைக்கு உட்காரும்போதே சொல்லிவிட்டால் எதைத் தவிர்க்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். ஒயின் வேண்டாமென்றால் “உன் கராஃப் தோ”, குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை. சாப்பாட்டோடு ரொட்டிக்கும் அந்தத் தண்ணீருக்கும் காசு வாங்கக்கூடாது என்பது அங்கே 1967-லிருந்தே விதி. ஒயின் குடிப்பவர்களுக்கு அடி கனத்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் ‘போ’ என்று வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது. திருப்தியாக இருந்தால் ஒன்றிரண்டு யூரோ வைத்துவிட்டு வரலாம், கட்டாயமில்லை. பில் கேட்காமல் வராது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். அந்த மேஜை உங்களுடையது, எழுந்து போகச் சொல்வது அங்கே மரியாதை இல்லை. “லாடிசியோன்” என்று கேட்டால் கொண்டுவருவார்கள்.

வெள்ளி இரவு கனமாகச் சாப்பிட முடியாது. சீஸும் ரொட்டியும் பழமும் அறையில் போதும். சனிக்கிழமை காலை குருவா ரூஸ் பூல்வார் சந்தைக்கோ, சோன் ஆற்றங்கரையில் சேன் அந்துவான் சந்தைக்கோ போங்கள். இரண்டும் திங்கள் தவிர எல்லாக் காலையும் உண்டு. சனிக்கிழமை மாஷோன் பரிமாறும் புஷோன்களும் உண்டு. பெரும்பாலும் பன்றியாகவே இருக்கும் என்பதால் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். சனி இரவு இரண்டாவது புஷோன், மறக்காமல் பதிந்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை புஷோன் தேடி அலைந்து நேரத்தை வீணாக்காதீர்கள். காலையில் பார் தியே ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் ‘ஆல் த லியோன் பால் பொக்கூஸ்’ என்னும் மூடிய சந்தைக்குப் போய்விடுங்கள். மதியத்தோடு கடைகள் முடிய ஆரம்பிக்கும், ஆகவே பத்து மணிக்கே போனால் நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் ஞாயிறு காலையில் லியோன்காரர்கள் குடும்பத்தோடு வந்து சிப்பிமீன் கடையில் நின்று சாப்பிடுவதை அங்கே பார்க்கலாம், நீங்களும் நிற்கலாம். உட்கார்ந்து சாப்பிடவே வேண்டுமென்றால் பெராஷ் நிலையத்தின் அருகே ‘பிராசரி ஜார்ஜ்’. அல்சாஸ்காரர் ஒருவர் 1836-ல் திறந்தது, மிகப் பெரிய கூடம், வாரம் முழுக்கத் திறந்திருக்கும். அது புஷோன் அல்ல. அல்சாஸ் வழிச் சாப்பாட்டில் பன்றி நிறைய, நீங்கள் மீன் பக்கம் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் பிறந்தநாள் கொண்டாடுகிற இடம் அது.

நான் தந்த கடைகளில் எது உங்கள் வாரத்தில் திறந்திருக்கிறது என்பதை அவர்களுடைய சொந்த இணையதளத்தில் பார்த்துவிட்டு, இந்த வாரமே வெள்ளி மதியத்தைப் பதிந்துவிடுங்கள். இரண்டு இடம் பதிந்து ஒன்றை விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இருபது நாற்காலி உள்ள கடைக்கு வராத இரண்டு பேர் பெரிய நஷ்டம். போக முடியாவிட்டால் முதல் நாளே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.